மதிலுக்கு அப்பால் நெப்டியூன்

சூரியனுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. விஞ்ஞான மன்றத்தின் தலைவி பிரியவதனிதான் சூரியன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தீவகப் பாடசாலைகளின் விஞ்ஞான தினம் இந்த வருடம் ஊர்காவற்றுறையில், தங்களுடைய பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கப்போகிறது என்று அறிந்த அன்றைக்கே அவள் திட்டத்தைச் சொல்லிவிட்டாள். மேசையில் கம்பி குத்தி வைக்கிற வெள்ளை நுரைப் பலகையான ரெஜிபோமில் செய்த உருண்டைகள் வேண்டாம். மைதானமே விண்வெளியாக இருக்கட்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு பந்தைக் கையில் ஏந்திக் கோள்களாக நடக்கட்டும். நடுவில் மைக்கோடு ஒருவர் நின்று விளங்கப்படுத்தலாம். அந்த ஒருவர் யார் என்று அஜந்தா ரீச்சர் கேட்கவேயில்லை.

தூரங்களைக் கணக்குப் பார்த்தது பிரியவதனிதான். பூமியைச் சூரியனிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி வைத்தால் வியாழன் நீளம் பாய்கிற மணல் குழியடிக்குப் போகும். சனி அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கும். யுரேனஸ் மதிலோரத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடும். நெப்டியூன் மதிலுக்குள் அடங்காது. மதிலுக்கு வெளியே, பற்றைகளும் நாலைந்து பனைகளும் நிற்கிற தரவை வெளியில், கடல் தெரிகிற இடத்தில்தான் அதற்கு இடம்.

“அங்கை ஆரைக் கொண்டுபோய் விடுறது?” என்று ரீச்சர் கேட்டார்.

“ஒருத்தரையும் விடத் தேவையில்லை ரீச்சர். அங்காலை நெப்டியூன் இருக்குது எண்டு நான் கையைக் காட்டிச் சொல்லிவிடுறன்.”

புதன்கிழமை ஒத்திகை. சுண்ணாம்புத் தூளால் வட்டங்கள் போட்டாயிற்று. ஒவ்வொரு வட்டத்திலும் போகவேண்டிய பக்கத்துக்குப் பிரியவதனியே அம்புக்குறி கீறினாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லவேண்டும் அல்லவா? அவள் சொன்னாள்: “கோயில்லை நவக்கிரகம் சுத்துவியளெல்லோ, அப்பிடி. வலக்கை சூரியன்ரை பக்கம் இருக்கோணும்.”

அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படவில்லை. ஆறாம் வகுப்புப் புதன் ஓடத் தொடங்கினான். புதன் மற்றவர்களைவிட வேகமாகப் போகவேண்டும். ஒன்பதாம் வகுப்பு நிலக்ஷன் பூமி. அவன் நடக்கவும் வேண்டும், தன்னைத்தானே சுழலவும் வேண்டும். எந்தப் பக்கம் சுழல்வது என்பதை விஞ்ஞானகூடத்துப் பூகோள உருண்டையைச் சுழற்றிப் பார்த்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மேற்கிலிருந்து கிழக்கு, அதாவது இடப்பக்கமாக. அவன் சுழன்று, தள்ளாடி, தலையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, பூமிக்குத் தலை சுத்திச் சத்தி வருது” என்றான்.

வெள்ளியாக நின்றவன் ஜெனுஷன். பிரியவதனியின் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு கணிதப் பிரிவு. கடற்கரைப் பக்கம் வீடு, மீன்பிடிக் குடும்பம். அதிகம் கதைக்காதவன். வெள்ளியின் வேலை எல்லாவற்றிலும் சிரமமானது. மற்றக் கோள்களுக்கு எதிர்ப்பக்கமாக, அதுவும் மெள்ள மெள்ள, தன்னைத்தானே சுழலவேண்டும். ஒரு சுழற்சி முடிவதற்குள் ஒரு முழு வட்டம் தாண்டிவிடும். வெள்ளியில் ஒரு சுழற்சி ஒரு வருடத்தைவிட நீளம் என்பது பிரியவதனிக்கு மிகவும் பிடித்த விடயம். ஜெனுஷன் அதைப் பிசகில்லாமல் செய்தான். மஞ்சள் பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மெதுவில் திரும்பித் திரும்பி நடந்தவன், மூன்றாம் சுற்றில் நின்றுவிட்டான்.

“பிரியவதனி, ஒரு சின்னச் சந்தேகம்.”

“என்ன?”

“நாங்கள் போறது மற்றப் பக்கமோ எண்டு நினைக்கிறன். ஓட்டப்போட்டியிலை ஓடுவமெல்லோ, இடக்கை உள்ளுக்கு இருக்க. அந்தப் பக்கம்தான் வரவேணும்.”

“எங்கை பாத்தனீர்?”

“ஒரு வீடியோவிலை. வடக்குப் பக்கம் மேலையிருந்து பாத்தா எல்லாம் இடப்பக்கம்தான் போகுது. வேணுமெண்டா இப்பவே எடுத்துக் காட்டுறன்.”

அவன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எல்லோரும் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரியவதனியின் சுண்ணாம்பு அம்புக்குறிகள் நிலத்தில் பளிச்சென்று கிடந்தன. அவளுக்கு முகம் சூடேறியது. வாய்க்கு ஒரு வசனம் வந்தது. வந்தபோது அது நல்ல வசனமாகவே இருந்தது.

“உங்கட ஆக்களுக்கு வலை சுத்துறதைத் தவிர வேறை என்ன சுத்தத் தெரியும்? கோயில் வீதி சுத்தியிருந்தாத் தெரியும், எது சரியான பக்கமெண்டு.”

சிரிப்பு வெடித்தது. நிலக்ஷன் பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடித்துச் சிரித்தான். சிரித்தவர்களில் கடற்கரைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்கள். ஜெனுஷனும் சிரிக்கிற மாதிரி வாயைக் கோணினான். பைக்குள் விட்ட கையை வெறுங்கையாகவே எடுத்தான்.

“பகிடிக்குச் சொன்னனான்” என்றாள் பிரியவதனி.

“ஓம், தெரியும்.”

அன்று மாலை ரீச்சரிடம் போய், நெப்டியூனுக்கும் ஆள் இருந்தால்தான் சூரியக் குடும்பம் முழுமையாகும் என்று சொன்னாள். பொறுமையான ஆள் வேண்டும் என்றும் சொன்னாள். வெள்ளிக்கு வேறொரு பிள்ளையைப் பழக்கிவிடலாம் என்றாள். ரீச்சருக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. பிழை ஒன்றும் தெரியாதபடிதான் அவள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை மைதானம் நிறைந்துவிட்டது. நயினாதீவிலிருந்தும் அனலைதீவிலிருந்தும் முதல் படகில் வந்த பிள்ளைகள் கரையோரக் காற்றில் கலைந்த தலைகளோடு வரிசையாக இருந்தார்கள். முன்வரிசைக் கதிரைகளில் நடுவர்கள். ஜெனுஷன் நீலப் பந்தையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, மதிலில் கல் இடிந்திருந்த இடைவெளியால் வெளியே போவதைப் பிரியவதனி கண்டாள். போய்ச் சேர்ந்தபின் அவன் தெரியவில்லை. அவன் செய்யவேண்டியது, பூமி ஐந்தாறு அடி வைக்கும்போது ஓரடி வைப்பது மட்டும்.

மஞ்சள் துணி போர்த்துக்கொண்டு அவள் நடுவில் நின்றாள். குரல் நன்றாக வந்தது. புதனைப் பற்றிச் சொன்னாள், வெள்ளியைப் பற்றிச் சொன்னாள். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றேதான், சூரியனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வந்து நிற்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னபோது அனலைதீவுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய கண்களில் வந்த வியப்பை அவள் இனிப்பை மெல்வதுபோல மெள்ளச் சுவைத்தாள்.

பிறகு பாடமாக்கி வைத்திருந்த வசனம் வந்தது.

“சூரியன் எந்தத் திசையில் சுழல்கிறதோ அதே திசையில்தான் கோள்கள் யாவும் அதைச் சுற்றி வருகின்றன. வெள்ளி, யுரேனஸ் இரண்டையும் தவிர மற்றவை தம்மைத்தாமே சுழல்வதும் அதே திசையில்தான்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிலக்ஷன் அவளுக்கு முன்னால் வந்தான். இடப்பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்தான். வலக்கைப் பக்கம் அவளை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். சுழல்வது ஒரு பக்கம், சுற்றுவது மறுபக்கம். அவன் தள்ளாடியதற்குக் காரணம் அதுதான்.

முதலில் அவளுக்கு ஒரு தப்பும் வழி தெரிந்தது. தெற்கிலிருந்து பார்த்தால் வலப்பக்கமாகத்தானே தெரியும்? மைதானத்தைத் தெற்கிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டால்? அந்த வழியையும் நிலக்ஷன் சுழன்று சுழன்று அடைத்தான். தெற்கிலிருந்து பார்த்தால் அவன் சுழல்வது பிழை. வடக்கிலிருந்து பார்த்தால் அவன் நடப்பது பிழை. சுழல்வதை அவள் உருண்டையிடம் கேட்டிருந்தாள். நடப்பதை ஒருவரிடமும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டுக் கிரகங்களைச் சுற்றிய கால்கள் கேட்காமலே அம்புக்குறி கீறியிருந்தன. கோயிலில் அது சரி. அங்கே சுற்றுவது மனிதர்கள். இங்கே சுற்றுவது கோள்கள்.

மைக் கையில் இருந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

“அடுத்தது செவ்வாய்” என்றாள்.

முடிந்ததும் கைதட்டல் மதிலைத் தாண்டிப் போயிருக்கும். நடுவர்களில் மூத்தவர் எழும்பி வந்து அவளுடைய தலையில் கைவைத்தார். “என்ன ஒழுங்கு! கோயில் வீதியிலை போற மாதிரிப் பக்தியாப் போகுதுகள் பிள்ளையள். ஆர் பழக்கினது?”

“இவதான் சேர்” என்றார் அஜந்தா ரீச்சர், பெருமை தாங்காமல்.

பிரியவதனி புன்னகைத்தாள். யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் தன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து, மஞ்சள் துணியை அவசரமாகக் கழற்றினாள்.

மத்தியானம் எல்லோரும் மரக்கறிச் சோத்துப் பார்சலைப் பிரித்தார்கள். பெட்டிக்குள் ஒரு பார்சல் மிஞ்சிக் கிடந்தது. “உது ஆற்றை பார்சல்?” என்று நிலக்ஷன் கேட்டான். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பிரியவதனிக்குத் தெரியும். காட்சி முடிந்துவிட்டது என்று நெப்டியூனிடம் போய்ச் சொல்ல ஒருவரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

பார்சலை எடுத்துக்கொண்டு மதில் இடைவெளியால் வெளியே போனாள். ஜெனுஷன் ஒரு பனையின் நிழலில் இருந்தான். உச்சி வெயிலில் பனையின் நிழல் எவ்வளவு இருக்கும்? தலையை மட்டும் அதற்குள் வைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் மணலில், ஒன்றன்பின் ஒன்றாகக் காலடிகள். வைத்து, நின்று, மறுபடி வைத்த காலடிகள். அவை இடப்பக்கமாகப் போயிருந்தன. மைதானத்தில் இருந்த அத்தனை கோள்களும் ஒரு பக்கம் போக, பார்ப்பதற்கு ஆளில்லாத இந்த இடத்தில் ஒரேயொரு கோள் மட்டும் சரியான பக்கம் போயிருந்தது.

அவள் காலடிகளைப் பார்ப்பதை அவன் கண்டான். “இஞ்சை ஆருக்கும் தெரியாதெண்டுதான் இப்பிடி நடந்தனான்” என்றான், மன்னிப்புக் கேட்பவன்போல.

“நீர் சொன்னது சரி” என்றாள் அவள்.

அவன் பார்சலைப் பிரித்தான்.

“பின்னேரம் பெற்றோருக்கு இன்னொருக்காச் செய்யிறமெல்லோ. அப்ப மாத்திவிடுவம். அம்புக்குறியை அழிச்சுக் கீறினாச் சரி. நடுவர்மார் போயிட்டினம். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை.”

ஜெனுஷன் சோற்றைக் குழைத்துக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“ஓம், மாத்துங்கோ” என்றான்.

இரண்டு வருடமாக “நீர்” என்று கதைத்தவன், முதல்தடவையாக அவளை “ங்கோ” போட்டுக் கதைத்தான். ரீச்சர்மாருடன் கதைக்கிற மாதிரி. திரும்பி நடந்தபோது அந்தச் சொல் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பிள்ளைகளிடம், “பின்னேரம் மற்றப் பக்கம் சுத்துவம், பாக்க இன்னும் வடிவாயிருக்கும்” என்றாள். வடிவாக இருக்கும்! அந்தப் பொய்யை அவர்கள் கேள்வி கேட்காமல் நம்பினார்கள். அவள் சொன்னால் நம்புவார்கள், அதுதான் பிரச்சினை. முழங்காலில் நின்று ஒவ்வொரு அம்புக்குறியையும் கையாலேயே அழித்தாள். சுண்ணாம்பு நகக்கண்ணுக்குள் எரிந்தது.

பெற்றோர் வரத் தொடங்கினார்கள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் அவளிடம் வந்தார். கையில் கறுப்புக் குடை.

“பிள்ளை, நான் ஜெனுஷன்ரை அம்மா, மாக்கிறேற். அவன் எவடத்திலை நிப்பான்? வெள்ளியெண்டு சொன்னவன்.”

“அவர் இப்ப நெப்டியூன் அன்ரி. கடைசிக் கோள்.”

“கடைசியோ?”

“கடைசியெண்டா... தூரம். மதிலுக்கு அங்காலை.”

“அப்ப இஞ்சையிருந்து தெரியாதோ?”

“தெரியாது அன்ரி.”

மாக்கிறேற் மதிலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “பரவாயில்லை. காலமை சேர்ட்டை ரெண்டுதரம் அயன் பண்ணினவன். தெரியாத இடத்திலை நிக்கிறதுக்கு உவ்வளவு எடுப்பு!” முன்வரிசையில் போய்க் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காட்சி தொடங்குமுன்பே, எங்கே கைதட்டவேண்டும் என்று தெரியாதவர்போலக் கைகளைக் கூட்டி வைத்திருந்தார்.

பிரியவதனி மஞ்சள் துணியைப் போர்த்தாள். கோள்கள் தங்கள் தங்கள் வட்டத்தில் ஏறி நின்றன. இந்தமுறை எல்லோருக்கும் இடக்கைப் பக்கம் அவள். வணக்கம் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டியதுதான். வணக்கம் சொன்னாள். அடுத்த சொல் வரவில்லை. அந்தக் கூட்டி வைத்த கைகளைத்தான் கண்டாள்.

“காலமை நாங்கள் பிழையான பக்கம் சுத்தினனாங்கள்” என்றாள்.

ரீச்சர் நிமிர்ந்தார்.

“இப்ப சுத்தப்போற பக்கம்தான் சரி. இது நான் கண்டுபிடிச்சதில்லை. புதன்கிழமையே ஜெனுஷன் சொன்னவர். நான் கேக்கேல்லை. உங்கட ஆக்களுக்கு வலை சுத்துறதைத் தவிர வேறை என்ன தெரியுமெண்டு எல்லாருக்கும் முன்னாலை கேட்டனான். அதுக்குப் பிறகு அவரை வெள்ளியிலையிருந்து எடுத்து...” மதிலைப் பார்த்தாள். “காலமை பிழையெண்டு தெரிஞ்சும் பேசாமல் நிண்டனான்.”

மைதானம் அசையவில்லை. புதன் மட்டும் ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

“அக்கா,” என்று நிலக்ஷன் பதறிக் கிசுகிசுத்தான், “மைக் ஓனிலை இருக்கு!”

யாரோ சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் ஒலிபெருக்கியைக் கண்டாள். அது கதிரைகளைப் பார்த்தபடி நின்றது. மதிலுக்கு முதுகு காட்டி நின்றது. காற்று கடலிலிருந்து இந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கேட்கவேண்டியவன் கேட்டிருக்கமாட்டான்.

மைக்கை நிலத்தில் வைத்தாள். பூமியைத் தாண்டி, செவ்வாயைத் தாண்டி, மணல் குழியடியில் வாயைத் திறந்தபடி நின்ற வியாழனைத் தாண்டி நடந்தாள். அவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டபோது தெரியவில்லை. சனியைக் கடந்தபின் நடந்துகொண்டேயிருந்தாள்.

ஜெனுஷன் நீலப் பந்தோடு எழும்பி நின்றான். “என்ன, தொடங்கேல்லையோ?”

“கேட்டதோ நான் சொன்னது?”

“இரைச்சல் மட்டும் கேட்டது. காத்து.”

ஆகவே திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது. மைக் இல்லாமல், முகத்தைப் பார்த்து. அது கடினமாக இருந்தது. “அண்டைக்கு நான் பகிடியெண்டு சொன்னது பகிடியில்லை. நோகவேணுமெண்டுதான் சொன்னனான். நெப்டியூனுக்கு ஆளும் தேவைப்படேல்லை. உம்மை ஒருத்தரும் காணக்கூடாதெண்டு இஞ்சை விட்டனான். மத்தியானம் வந்ததும் மன்னிப்புக் கேக்க இல்லை. நீர் சொன்னதை நீர் இல்லாமல் எடுக்கத்தான் வந்தனான்.”

அவன் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

“மைக்கிலையோ சொன்னனீர்?”

“ஓம்.”

“வலைக் கதையும்?”

“ஓம்.”

“அம்மா வந்திட்டாவோ?”

அவள் முன்வரிசை இருந்த பக்கம் திரும்பி மதிலைப் பார்த்தாள். அவனுக்கு விளங்கியது. கண்களை இறுக்கி மூடித் திறந்தான்.

“அவவுக்கு நான் சொல்லேல்லை, பிரியவதனி. வெள்ளிக்கு உயரம் காணாதெண்டு மாத்தினவையெண்டு சொல்ல யோசிச்சு வச்சிருந்தனான்.” பிறகு, “உமக்கு இப்ப பாரம் குறைஞ்சிருக்கும்” என்றான். குத்துவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் ஆழமாகப் போனது. பெருந்தன்மையாகத் தூக்கிக்கொண்டு வந்த மன்னிப்பிலும் பெரும்பங்கு அவளுக்கென்றே எடுத்து வைக்கப்பட்டிருந்ததை அவள் கண்டாள்.

மதில் இடைவெளியில் கற்கள் உருண்டன. மாக்கிறேற் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தார். பற்றைகளைப் பார்த்தார், பனையைப் பார்த்தார், அதன் காலடியில் கிடந்த வெறும் சோற்றுக் கடுதாசியைப் பார்த்தார்.

“இதிலையோ மோனை காலமை முழுக்க நிண்டனீ?”

“நிழல் இருக்கம்மா.”

“ஓமோம், நல்ல நிழல்” என்றபடி குடையை விரித்து அவன் தலைக்குமேல் பிடித்தார். பிரியவதனியின் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்தாள். கழுவித் துடைத்த செருப்பு.

“நீர் போம் பிள்ளை” என்றார் மாக்கிறேற். “அங்கை சூரியன் இல்லாமல் எல்லாம் அப்பிடியே நிக்குதுகள்.”

அவள் போனாள். கோள்கள் விட்ட இடத்திலேயே நின்றன. ரீச்சரின் முகத்தைப் பார்க்காமல் மைக்கை எடுத்து, மண்ணைத் தட்டி, “தொடங்குங்கோ” என்றாள். புதன் ஓடினான். நிலக்ஷன் இடப்பக்கமாகச் சுழன்று இடப்பக்கமாகவே நடந்தான். இந்தமுறை அவன் தள்ளாடவில்லை.

வெள்ளி வந்தது, பூமி வந்தது, வியாழனும் சனியும் வந்தன. கடைசியில் நெப்டியூன். கையைக் காட்டித் திரும்பியபோது, காலையில் வெறும் மதிலாக இருந்த இடத்தின் மேலால் ஒரு கறுப்புக் குடையின் உச்சி தெரிந்தது. நிலக்ஷன் ஐந்தாறு அடி வைத்தான். குடை ஓரடி நகர்ந்து நின்றது. மறுபடி ஓரடி. சரியான பக்கம்.

எல்லோரும் அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அங்கே நிற்பது யார் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தப் பெயரைத் திரும்பவும் ஒலிபெருக்கியில் போட அவளுக்கு வாய் வரவில்லை. நீட்டிய கையைக் கீழே இறக்காமல், குடையைப் பார்த்தபடி, அப்படியே நின்றாள்.